செம்பனை ஓட்டில் நடைக்கல்: கரியாக்கிப் போடலாமா?

கேள்வி: தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஆலையிலிருந்து செம்பனைக் கொட்டை ஓடு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கோயில் பாதைக்கு சிமெண்டில் நடைக்கல் வார்க்கலாம் என்று யோசனை. ஓட்டைக் கரியாக்கிப் போட்டால்தான் உறுதி என்கிறார் மச்சான். வெறுங்குலை நாரையும் (பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் குலையின் நார்) சேர்க்கலாமா?

பதில்: கரியாக்க வேண்டாம், ஐயா. ஓடு இருக்கிறபடியே ஜல்லிக்குப் பதிலாக நிற்கும். கரித்துண்டு அழுத்தினால் நொறுங்கும். மச்சான் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. காற்றில்லாமல் சுட்ட கரியை மாவாக்கி, சிமெண்ட் எடையில் 100-க்கு 1 அல்லது 2 பங்கு சேர்த்தால், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் கல் இறுக உதவும். அதற்காகப் பின்கட்டில் தீ மூட்டிவிடாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதை மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது.

ஓட்டில் உள்ள வம்பு வேறு: எண்ணெய், தாகம். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஒரு பிடி ஓட்டைத் தேய்த்துப் பாருங்கள், மேலே வட்ட வட்டமாக எண்ணெய் மிதக்கும். வட்டம் வராத வரை கழுவுங்கள். ஓட்டின் முதுகு ஏற்கெனவே வழவழப்பு, எண்ணெயும் இருந்தால் சிமெண்ட் எங்கே பிடிக்கும்?

அப்புறம் தாகம். கருங்கல் தன் எடையில் 100-க்கு ஒரு பங்குத் தண்ணீர் குடித்தாலே அதிகம். இந்த ஓடு ஒரே நாளில் 20 பங்குக்கு மேல் இழுத்துவிடும். முதல் தடவை நான் காய்ந்த ஓட்டை அப்படியே கொட்டினேன். தள்ளுவண்டியிலேயே கலவை இறுகி, மண்வெட்டி இறங்கவில்லை. மேலும் தண்ணீர் ஊற்றினேன், அது இரண்டாவது தப்பு. வார்த்த கல்லின் ஓரமெல்லாம் உதிர்ந்துபோனது. 24 மணி நேரம் ஊறப்போட்டு, வடித்து, மேல் ஈரம் போனதும் கலக்குங்கள்.

ஓடு லேசானது, அதனால் எடை பார்க்காமல் டின்னால் அளங்கள்: சிமெண்ட் 1, மணல் ஒன்றரை, ஓடு ஒன்றரை. ஈரச்சாக்கு ஒரு வாரமாவது மேலே கிடக்கட்டும். 28 நாள் கழித்து மிதிக்கலாம். கார் ஏறும் இடத்துக்கும் வீட்டு உத்தரத்துக்கும் இந்தக் கலவை வேண்டவே வேண்டாம்.

வெறுங்குலை நாரா? அதிலுள்ள சர்க்கரைச் சத்து சிமெண்டை இறுக விடாது. அது செம்பனை மரத்தடியில் மூடாக்காகக் கிடப்பதே நல்லது.

ஒன்று மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஓட்டை ஆலைக் கொதிகலனிலேயே எரிக்கிறார்கள், ஜப்பான் மின் நிலையங்களும் வாங்குகின்றன. விலை முடியாமல் அச்சுப் பெட்டி அடிக்காதீர்கள்.