எது பாலை மரம்?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் இரண்டும். என் அம்மாயி வேலியோரத்துப் பாலை மரத்தில் இலை பறித்து, தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார். செதில் உதிர்கிற தோல் நோய்க்கு அதுதான் எங்கள் வீட்டு மருந்து. பக்கத்து வீட்டு மலையாள அக்காவோ, "அது பாலாவே இல்லை. பாலா கோயில் தோப்பான காவுக்குள்ளே நிற்கிறது, யட்சி இருக்கிற மரம்" என்கிறார். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி சின்ன வயதில் பாலைப்பழம் தின்ற கதை சொல்கிறாள். எங்கள் ஊர் மரம் இரண்டிலும் தின்கிற பழமே கிடையாது. இதில் எது அசல் பாலை? பாலக்காட்டுக்குப் பெயர் கொடுத்தது எது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மாயிக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. நாட்டுமருந்துக் கடையில் "பாலைப்பட்டை" என்று ஒரு பொடி கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, சித்தூர் வட்டம், பாலக்காடு

அன்புள்ள அம்மணி,

அம்மாயி சொல்வதும் சரி, அக்கா சொல்வதும் சரி, தோழி சொல்வதும் சரி. மூன்றும் மூன்று மரங்கள், மூன்றுக்கும் பெயர் பாலை.

இலைக்காம்பைக் கிள்ளினால், பட்டையைக் கீறினால் வெள்ளையாகப் பால் கசியும் மரங்களின் கூட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. மரம் மட்டுமல்ல, கொடிப்பாலை, ஊசிப்பாலை என்று கொடிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பால் வடிகிற எல்லாமே பாலை ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலுக்கும் அத்திக்கும் பலாவுக்கும் எருக்குக்கும் தனிப்பெயர் இருக்கிறது. அப்படித் தனிப்பெயர் பெறாதவற்றைப் பாலை என்று சேர்த்து, முன்னால் ஓர் அடைமொழி போட்டுப் பிரித்தார்கள். ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை, உலக்கைப்பாலை. தாவரவியல் இவற்றை ஒரே குடும்பமாகப் பார்ப்பதில்லை. முதல் மூன்றும் அரளியின் குடும்பம், உலக்கைப்பாலை சப்போட்டாவின் குடும்பம்.

உங்கள் அக்கா சொல்வது ஏழிலைப்பாலை. வடமொழியில் சப்தபர்ணி, தெலுங்கில் ஏடாகுல பாலா. ஒரு கணுவில் இலைகள் குடைக்கம்பி போல வட்டமாக விரிந்து நிற்கும். எண்ணிப் பார்த்தால் ஐந்தும் இருக்கும், எட்டும் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் கொத்துக்கொத்தாகப் பூத்து, இரவில் தலைவலிக்கிற அளவுக்கு மணக்கும். டெல்லிச் சாலைகளில் இதை வரிசையாக நட்டுவிட்டு, பூக்கும் காலத்தில் வாசனை தாங்கவில்லை என்று மக்கள் முறையிடுகிறார்கள். வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் யட்சியைக் கேரளத்தில் இந்த மரத்தில் குடிவைத்ததற்கு அந்த ராத்திரி வாசனை ஒன்றே போதுமான காரணம் என்பது என் எண்ணம். இதன் கட்டை மெத்தென்றிருக்கும். பள்ளிக்கூடப் பலகை செய்ய உதவியதால்தான் இதன் அறிவியல் பெயரில் 'ஸ்காலாரிஸ்' என்ற சொல் வந்தது. சாந்திநிகேதனில் பட்டம் பெறுகிறவர்களுக்கு இதன் இலையைக் கொடுப்பது மரபாக இருந்தது.

அம்மாயியின் மரம் வெட்பாலை. வெண்மை என்னும் வெள், பாலையோடு சேர்ந்து வெட்பாலை ஆயிற்று. பூவும் வெள்ளை, கட்டையும் தந்தம் போல வெள்ளை. மலையாளத்தில் இதைத் தந்தப்பாலா என்பார்கள். கன்னடத்தில் பால் ஹாலு ஆவது போலப் பாலை ஹாலெ ஆகும். கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊரின் மரப்பொம்மைகளைக் கடைகிற ஹாலெ மரம் இதுதான். இலையில் நீலச்சாயம் இருக்கிறது, அதன் அறிவியல் பெயரிலுள்ள 'டிங்டோரியா' சாயத்தைக் குறிக்கிறது. அம்மாயி எண்ணெயை வெயிலில் வைக்கும்போது பாருங்கள். பச்சை இலை போட்ட வெள்ளை எண்ணெய் நாளாக நாளாகக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய், கடைசியில் கருஞ்சிவப்பாக நிற்கும். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸ்) கொடுக்கும் வெட்பாலைத் தைலம் இதுவே.

தோழி தின்றது உலக்கைப்பாலை. இரும்பு மாதிரிக் கனமான கட்டை, பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. வறண்ட காட்டில் வளரும், மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழம் தரும். இலங்கையின் உலர்காடுகளில் கரடிகள் இந்தப் பழத்துக்காக மரமேறும். நம் பக்கத்துச் சப்போட்டாக் கன்றுகளை ஒட்டுக்கட்ட அடிக்கன்றாகப் பயன்படுவதும் இந்த மரம்தான்.

இனி உங்கள் "எது அசல்" என்ற கேள்வி. எந்த ஊரில் எந்தப் பாலை கண்ணெதிரே அதிகம் நிற்கிறதோ, அந்த ஊரில் அது அடைமொழியை உதறிவிட்டு வெறும் பாலை ஆகிவிடுகிறது. மற்றவை அடைமொழியோடு நிற்கின்றன. இலங்கையின் வன்னிப் பகுதியில் வெறும் பாலை என்றால் உலக்கைப்பாலை, திருகோணமலையில் பாலையூற்று என்று ஊரே இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் உதவியோடு மலபார்த் தாவரங்களைத் தொகுத்த நூலின் முதல் தொகுதி 1678இல் வெளியானது. அதில் ஏழிலைப்பாலைக்குப் பெயர் வெறும் 'பாலா'. குடசப்பாலை அதே தொகுதியில் 'கொடகப்பாலா' என்று அடைமொழியோடு வருகிறது. ஆக, உங்கள் அக்காவின் பேச்சுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. அம்மாயியோ கொங்குநாட்டு வறள்நிலத்தின் பேச்சைப் பேசுகிறார். உங்கள் ஊரில் அந்த இரண்டு வழக்கும் ஒரே வேலியின் இரு பக்கமும் நிற்கின்றன, அதனால்தான் இந்தச் சண்டை.

ஐந்திணைகளில் ஒன்றான பாலைக்குப் பெயர் தந்தது எது என்றும் கேட்பார்கள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்து "பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்கிறது சிலப்பதிகாரம். அப்படிப்பட்ட நிலத்துக்கு ஈரம் தேடும் ஏழிலைப்பாலை பொருந்தாது. கோடையில் இலையுதிர்த்து நின்று வெள்ளைப்பூ பூக்கும் வெட்பாலையோ, வறட்சியிலும் பச்சை விடாத உலக்கைப்பாலையோதான் பொருந்தும். நான் வெட்பாலைப் பக்கம் நிற்கிறேன். ஆனால் குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் "வான்பூங் குடசம்" ஓரிடத்திலும், "தில்லை பாலை கல்லிவர் முல்லை" என்று பாலை வேறிடத்திலும் வருகின்றன. குடசத்துக்கு வெட்பாலை என்று பொருள் சொல்வோர் உண்டு. அது சரியென்றால் அங்கே தனியாக வரும் பாலை வெட்பாலை ஆகாது. குடசப்பாலையும் வெட்பாலையும் பேச்சில் கலந்துபோனது நேற்று நடந்ததல்ல.

பாலக்காட்டின் பெயருக்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். பாலா மரக்காடு, சமணர்களின் பாலி மொழி, பாலை போல வறண்ட காடு. பாலக்காட்டு ஜைனிமேட்டில் சமணக் கோயில் இருப்பது உண்மை. கணவாய் வழியாகக் கோடையில் அனல்காற்று வீசுவதும், உங்கள் கிழக்குப் பக்கம் மழை குறைவு என்பதும் உண்மை. ஆனாலும் ஆலங்காடு, வேற்காடு, பனங்காடு என்று மரப்பெயரோடு காட்டைச் சேர்த்து ஊருக்குப் பெயரிடுவது நம் பழைய வழக்கம். பாலக்காடும் அந்த வரிசையில்தான் இயல்பாக உட்காருகிறது. மலையாளத்தில் அடைமொழியில்லாத பாலா ஏழிலைப்பாலை என்பதால், பாலக்காட்டுக்காரர்கள் அந்த மரத்தைக் காட்டுவதில் நியாயம் இருக்கிறது.

அந்தப் பொடியைக் கொடுக்காதீர்கள். கழிச்சலுக்குப் பழைய வைத்தியம் சொல்வது குடசப்பாலைப் பட்டை. அதற்குப் பதிலாக வெட்பாலைப் பட்டையைச் சேர்ப்பது இன்றுவரை நடக்கிறது. ஏழிலைப்பாலைப் பட்டையோ காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டது. பொட்டலத்தின் மேல் அடைமொழி இல்லாமல் "பாலை" என்று மட்டும் இருந்தால் உள்ளே எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. வயதானவருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலியோரத்து மரத்தை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். வெட்பாலையில் பச்சைக் காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கும்போது நுனி ஒட்டியிருக்கும், முற்றிய பிறகுதான் பிரியும். குடசப்பாலையில் இரண்டு காயும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி. காய் பிடித்ததும் நுனி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.