அம்மா வரமாட்டாவாம்

அன்புள்ள அண்ணைக்கு,

ஆகஸ்ட் லீவில் மூன்று நாள் எங்கேயாவது போய்வர யோசிக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வான் பேசியாயிற்று. கண்டியா காலியா என்பதில்தான் இழுபறி. யூடியூப்பில் எல்லோரும் காலிக் கோட்டையைத்தான் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டுமாம், மனைவிக்குக் கண்டி. காலியில் தமிழர் தொடர்பாகப் பார்க்க ஏதும் உண்டா? இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா? அம்மா முழங்கால் வலி என்று வரமாட்டாவாம். வீட்டையும் கோழிகளையும் பார்க்க ஆளும் வேண்டும்தானே.

ஒரு வாசகர், முள்ளியவளை

அன்புள்ள தம்பிக்கு,

கண்டிக்குப் போங்கள்.

ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்திருக்காது. காலிப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க உதவாது. கடல்தான் வேண்டுமென்றால் முல்லைத்தீவு உங்களுக்குச் சைக்கிள் தூரம். காலி கொழும்பையும் தாண்டி இன்னும் 115 கிலோமீட்டர். தமிழர் தொடர்பு கேட்டீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று 1911இல் அங்கே கிடைத்தது. 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. ஆனால் அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில். அதற்காகக் காலிவரை போகத் தேவையில்லை.

இரண்டு ஊரையும் மூன்று நாளில் முடிப்பதைப் பற்றி வான் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அவருக்கும் நித்திரை வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடைசி இரண்டு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக இதே யோசனைதான் எனக்கு. லீவு தொடங்கினால் எங்கள் ஒழுங்கையிலிருந்து வான்கள் புறப்படுகின்றன. பாட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு படலையிலும் ஒரு வயதான அம்மா நின்று கை காட்டுகிறார்.

வரமாட்டேன் என்று அம்மா சொன்னாராக்கும். சொல்லாமல்? எங்கள் அம்மாமார் மீன் பொரியலையும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? வானில் எத்தனை சீற் என்று எண்ணி, யார் எங்கே இருப்பது என்று பிள்ளைகள் அடிபட்டு முடிந்த பிறகு, "அம்மா, நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டிருப்பீர்கள். அந்த 'உம்' அவருடைய காதில் விழாமலா போயிருக்கும்? முழங்கால் வலி உண்மையாகவே இருக்கலாம். அதே முழங்காலோடு வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகாமல் விட்டாரா? கோழிகளைப் பற்றிப் பேசவே எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்து வீட்டில் ஒரு சொல் சொன்னால் தீன் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது காவலுக்கு ஒரு ஆள். அந்த ஆளாக அம்மாவை வைத்துவிட்டு, பழியை முழங்காலில் போடுகிறீர்கள்.

அவருடைய வயதுக்காரர்கள் பயணமே போகாதவர்கள் இல்லை, தம்பி. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானையோடும் கழற்றிய கூரைத் தகரத்தோடும் போனவர்கள். புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். எப்போது திரும்புவது, திரும்பினால் வீடு இருக்குமா என்று தெரியாமல் போன பயணங்கள். செவ்வாய் வெளிக்கிட்டால் வியாழன் இரவு சொந்தக் கட்டிலில் படுக்கலாம் என்ற நிச்சயத்தோடு வீட்டைப் பூட்டுவது எப்படி இருக்கும் என்று அவருக்கும் ஒருதரம் தெரியட்டுமே. பூட்டுகிற திறப்பை அவர் கையிலேயே கொடுங்கள்.

சண்டை முடிந்து சில வருடம் கழித்து என் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். வாவிக் கரையில் நின்று நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தார். அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி, "இதின்ரை துருசு எங்கை? கீழை எத்தினை ஏக்கர் விதைக்கினம்?" என்றார். துருசு என்றால் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு. வன்னிக்காரிக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? கீழே வயல் இல்லை, வயலாக இருந்த இடத்தில்தான் 1807இல் அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இதைக் கட்டினான், அழகுக்கு என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வயலுக்கு மேலை குளம் கட்டினவனோ? அதுதான் அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்." 1815இல் ஆங்கிலேயர் பிடித்ததற்கும், வேலூருக்கு அனுப்பியதற்கும், 1832இல் அவன் அங்கேயே இறந்ததற்கும் குளம் காரணமில்லை என்று விளங்கப்படுத்திப் பார்த்தேன். அம்மா ஏற்கவில்லை. வாவியைச் சுற்றி நடந்த நேரம் முழுக்க அரசனுக்குத் திட்டு விழுந்தது. அப்படிச் சந்தோஷமாக அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

அப்புறம் பத்தினி தேவாலயம். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்களவர் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுவது எங்கள் கண்ணகியைத்தான். உங்கள் அம்மா கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகி கோயிலுக்குப் பக்கத்து ஊர்க்காரி. பிள்ளைகளுக்குக் கண்டியில் யானை போதும். இந்த இடத்துக்குப் போகவேண்டியவர் அவர். முன்னுக்கு நின்று பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லவும் அவரால்தான் முடியும். உங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

மாங்குளம் சந்தியில் ஏறினால் கண்டிவரை ஒரே ஏ9தான். சண்டைக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியோடு முடிகிற வீதி என்று நாங்கள் பழகிப்போன அதே வீதி. முன் சீற் அம்மாவுக்கு. மணித்தியாலத்துக்கு ஒருதரம் வானை நிறுத்தி அவரை இறக்கி நடக்கவிடுங்கள், முழங்கால் பிடிக்காது. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் போகிற வழியிலேயே வரும். அடுத்த நாள் பேராதனைப் பூங்கா. பெரும்பாலும் சமதரை, ஆறுதலாக நடக்கலாம், இருக்க நிழலும் உண்டு. நுவரெலியாவையும் ஒரு எட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கவேண்டாம்.

தலதா மாளிகையின் பெரகரா ஊர்வல நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சனம் நெரியும், அறை வாடகையும் ஏறிவிடும். ஆகஸ்டில் வரும் நிக்கினி பௌர்ணமியோடு அது முடிந்துவிடும், அது கழிந்ததும் போகலாம். கண்டியில் விடுதிகள் பல மலைச்சரிவில் இருக்கின்றன, வாசலுக்கே படியேற வேண்டியிருக்கும். எத்தனை படி என்று காசு கட்டமுன் கேளுங்கள்.