முன்பணத்துக்கு முன் நெகட்டிவ்

கேள்வி: 1969இல் தோட்டத்துக் கோயிலில் நடந்த என் பெற்றோர் திருமணத்துக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் மிச்சம். பிளாஷ் வெளிச்சத்தில் அப்பாவின் நெற்றியும் வேட்டியும் வெறும் வெள்ளையாகிவிட்டன. பட்டணத்துக் கடையில், கணினியில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று 250 வெள்ளி கேட்கிறார்கள். பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இப்போது கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் நெகட்டிவை, அதாவது படத்தை அச்சிடப் பயன்படுத்திய பிலிமைத் தேடுங்கள். படத்தில் வெளுத்த இடம் நெகட்டிவில் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குள் வேட்டியின் மடிப்பு இன்னும் பதிந்திருக்கக்கூடும். அச்சுத் தாள் வெளிச்சம் பட்டால்தான் கறுக்கும். அச்சிடும்போது அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்திருந்தாலே தெரிந்திருக்கும். பழைய டிரங்குப் பெட்டி, மாமன் வீட்டு அலமாரி, படம் எடுத்த ஸ்டூடியோக்காரரின் பிள்ளைகள் என்று எல்லா இடத்திலும் விசாரியுங்கள்.

கிடைக்காவிட்டால், படத்தைப் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளைக்குள் மங்கலாகவாவது சாம்பல் கோடு தெரிந்தால் நம்பிக்கை உண்டு. எதுவுமே தெரியாவிட்டால் அங்கே இருப்பது வெறும் தாள்தான். தாளில் இல்லாததை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது, வரையத்தான் முடியும். வேட்டி மடிப்பை வரைந்தால் பரவாயில்லை. நெற்றியை வரையும்போது அப்பாவின் முகமே மாறிவிடும். என் அத்தையின் படத்தை ஒரு கடையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். அழகான முகம், ஆனால் அத்தை இல்லை. அந்தப் படத்தை இன்றுவரை எங்கள் வீட்டில் மாட்டவில்லை.

மங்கலான கோடு இருந்தால் ஸ்கேன்தான் முக்கியம். கைப்பேசியில் எடுக்க விடாதீர்கள், பளபளப்பில் மிச்சமும் போய்விடும். அங்குலத்துக்கு 600 புள்ளி, 16 பிட், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு என்று கேளுங்கள். 8 பிட்டில் 256 சாயல்கள்தான். 16 பிட்டில் 65,536. அந்த மெல்லிய சாம்பல் தங்குவதற்கு இடம் வேண்டும். தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொல்லுங்கள். அது வெளிர் சாம்பலையும் வெள்ளையாக்கிவிடக்கூடும்.

எது மீட்பு, எது வரைவு என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். திருத்தாத ஸ்கேன் கோப்பும் உங்கள் கைக்கு வரவேண்டும். சொன்னபடி செய்யாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இருந்தால் உங்கள் பேச்சு எடுபடும்.

மூலப் படத்தைக் கடையில் விட்டு வராதீர்கள். ஸ்கேன் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கையோடு வாங்கி வாருங்கள்.