ரெண்டாவது கோர் எந்திரிக்கலையா? கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டையில கண்ட்ரோலர் போர்டு ரிப்பேரும் ஃபர்ம்வேரும்தான் எனக்கு பொழப்பு. மல்ட்டிகோர் போர்டு, அதாவது ஒரே சிப்புல பல கோர் (கணக்கு போடுற மூளை) இருக்க போர்டு, பூட் ஆகலைன்னா கேளுங்க, ஆனா சீரியல் லாக் (பூட் ஆகும்போது போர்டு கேபிள் வழியா எழுதி அனுப்புற குறிப்பு) இல்லாம கேக்காதீங்க.

பேட்டை தம்பி: அண்ணாச்சி, நாலு கோர் ஆர்ம் போர்டு, டிவைஸ் ட்ரீல (போர்டுல என்னென்ன இருக்குன்னு லினக்ஸுக்கு சொல்லுத ஃபைல்) கோர எழுப்புற முறை ஸ்பின்-டேபிள். லினக்ஸ் வருது, ஆனா ஒரு கோர்தான். மத்த மூணுக்கும் "ஃபெயில்ட் டு கம் ஆன்லைன்"னு லாக்ல நிக்கி.

பதில்: லாக்க போட்டியே தம்பி, பாதி வேலை முடிஞ்சுது. "ஃபெயில்ட் டு பூட்"னு வந்துருந்தா எழுப்புற உத்தரவே போகலைன்னு அர்த்தம், உனக்கு உத்தரவு போயிருக்கு, கோர்தான் வந்து சேரல. ஸ்பின்-டேபிள்ல அந்த மூணு கோரும் மெமரியில ஒரு சின்ன லூப்ல சுத்திக்கிட்டு ஒரு இடத்தையே பாத்துக்கிட்டு இருக்கும், அதுல லினக்ஸ் ஒரு முகவரிய எழுதுனா அங்க தாவிரும். அந்த இடமும் டிவைஸ் ட்ரீல இருக்க ரிலீஸ் அட்ரஸும் ஒண்ணுதானான்னு மொதல்ல பாரு. அடுத்து அந்த லூப் கெடக்க மெமரிய ரிசர்வ் பண்ணிருக்கியா? பண்ணலைன்னா லினக்ஸ் அதை காலி எடம்னு நெனச்சு மேலயே எழுதிரும், கோர் குப்பைய ஓட்டிக்கிட்டு கெடக்கும்.

தென்காசி: லாக்கே வரல, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு.

பதில்: டிஎக்ஸ் ஆர்எக்ஸ் (அனுப்புற, வாங்குற) ஒயர மாத்தி மாட்டிப் பாருங்க, கிரவுண்ட் சேத்தீங்களா, ஸ்பீடு 115200-ஆ. 3.3 வோல்ட் போர்டுல 5 வோல்ட் கேபிள மாட்டிராதீங்க.

வள்ளியூர்: அண்ணாச்சி, ஓஎஸ் இல்லாம நானே எழுதுன பூட் கோடு. ரெண்டாவது கோர் வரல, முகவரிய எழுதிட்டு 100 மில்லிசெகண்ட் டிலே போட்டு எழுப்புனேன், வந்துருச்சு. இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சி?

பதில்: இதைத்தான் வேண்டாம்னு கையெடுத்து கும்பிட்டு சொல்லுதேன். உங்க மொத கோர்ல கேஷ் (கோர் பக்கத்துலயே இருக்க சின்ன வேக மெமரி) ஓடுது, நீங்க எழுதுன முகவரி அந்த கேஷ்லயே உக்காந்துருக்கு, ரெண்டாவது கோர் கேஷ் இல்லாம நேரா மெமரிய பாக்குது, அங்க பழைய மதிப்புதான் இருக்கு. டிலே போட்ட நேரத்துல தற்செயலா அந்த கேஷ் லைன் வெளிய போயிருக்கு, அம்புட்டுதான். நாளைக்கு கம்பைலர் மாறுனா நின்னுரும்.

வள்ளியூர்: அப்போ ஜேடாக் டீபக்கர் (கோர நிறுத்தி உள்ள பாக்குற கருவி) மாட்டுனாலும் ஓடுதே, கோடு சரின்னுதான அர்த்தம்?

பதில்: இல்லண்ணாச்சி, டீபக்கர் கோர நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது நேரமே மாறிருது, அதுவும் ஒரு டிலேதான். எழுதுனதும் அந்த முகவரிய கேஷ்ல இருந்து க்ளீன் பண்ணுங்க (மெமரிக்கு தள்ளுங்க), டிஎஸ்பி (அது முடியிற வரை காக்க வைக்கும்) போடுங்க, அப்புறம் எஸ்இவி (காத்துக் கெடக்க கோர எழுப்பும்). மூணே வரி, இந்த வரிசை மாறக்கூடாது. டிலேய எடுத்துட்டு நூறு தடவ பூட் பண்ணிப் பாருங்க.

அம்பை தங்கச்சி: நாலு கோரும் ஒரே நேரத்துல ஓடி எழுத்து எல்லாம் கலந்து வருது, கொஞ்ச நேரத்துல தொங்கிருது.

பதில்: எம்பிஐடிஆர (இது எந்த கோர்னு சொல்லுத ரெஜிஸ்டர்) படிச்சு கோருக்கு ஒரு ஸ்டேக்கா (தற்காலிக மதிப்ப வைக்கிற மெமரி) பிரிச்சுக் குடும்மா, இப்போ நாலும் ஒரே ஸ்டேக்குல எழுதுது. பிஎஸ்எஸ்ஸ (பூஜ்யத்துல தொடங்க வேண்டிய மாறிகள் இருக்க எடம்) மொத கோர் மட்டும் துடைக்கட்டும்.

பணகுடி: காத்தாலை கண்ட்ரோலர் போர்டு, ஒரு கோர்ல ஓடுது, நாலும் வந்தா ரீசெட் ஆகுது. மேக்ஸ்சிபியூஸ்=1 (ஒரு கோர் போதும்னு லினக்ஸுக்கு சொல்லுதது) போட்டு விட்டுரலாமா?

பதில்: விட்டுராதீங்க, அது கோளாறு எங்கன்னு பாக்கத்தான். போன ஆடியில இதே மாதிரி ஒண்ணு என் மேசைக்கு வந்துது. மீட்டர்ல 5 வோல்ட் அசையாம நின்னுது, ஸ்கோப்ப (வோல்ட் ஏறி இறங்குறத கோடா காட்டுற கருவி) வச்சா மூணாவது கோர் எந்திரிக்கும்போது 4.4-க்கு ஒரு குழி. கனெக்டர்ல பச்சை பிடிச்சு கெடந்துது. மொதல்ல உங்க போர்டு கனெக்டர கழத்திப் பாருங்க.

சங்கரன்கோவில்: டிலே கூட்டுனா சரியாகுமா?

பதில்: வள்ளியூருக்கு சொன்னத படிங்க.

மேலப்பாளையம்: லேப்டாப் பயாஸ் பாஸ்வேர்டு மறந்துட்டேன்.

பதில்: பில்ல எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கு போங்க.

வள்ளியூர்: டிலேய எடுத்துட்டு மூணு வரியும் போட்டேன் அண்ணாச்சி. நாப்பது தடவ ஆச்சு, எல்லாத்துலயும் ரெண்டு கோரும் வருது.

பதில்: இன்னும் அறுபது இருக்கு. போர்ட முழுசா ஆறவிட்டும் கொஞ்சம் பாருங்க.