சித்திரை பிறந்தால் உடம்பு ஓய்ந்துபோவது ஏன்?

கேள்வி: எனக்கு 44 வயது. வேலூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டிலேயே தையல் வேலை. ஒவ்வொரு வருடமும் சித்திரை பிறந்ததும் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. மெஷினில் உட்கார மனமே வருவதில்லை. பள்ளிச் சீருடை ஆர்டர் குவிவதும் அப்போதுதான். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். ஆடி வந்தால் தானாகச் சரியாகிறது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இது நோயா?

பதில்: சோம்பேறித்தனம் இல்லை அம்மா. அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான். நன்றாகத் தூங்க வேண்டுமானால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இரவில் கை, கால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடி, சூட்டை வெளியே விடுகிறது. மே மாதம் உங்கள் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பகலெல்லாம் காய்ந்த தளம் அந்தச் சூட்டை நள்ளிரவுவரை உங்கள் தலைமேல் இறக்குகிறது. ஃபேன் சுற்றுவதும் அதே அனல் காற்றைத்தான். விடியற்காலையில் சற்றே கண் அயரும்போது எழுந்து வேலை பார்க்க வேண்டியிருக்கும். இப்படி இரண்டு மாதம் போனால் யாருக்குத்தான் வேலையில் மனம் ஒட்டும்?

அதனால் தூக்கத்தை முதலில் மீட்போம். வீட்டுக்காரரிடம் கேட்டுத் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். செலவு அதிகமில்லை, வித்தியாசம் தெரியும். படுப்பதற்கு முன் குளியுங்கள். மாலை 4 மணிக்குப் பிறகு டீ வேண்டாம். தையலை விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் முடிந்தவரை முடித்துவிடுங்கள். மதியம் அரை மணி நேரம் படுங்கள், அதற்கு மேல் போனால் இரவுத் தூக்கம் கெடும்.

அப்புறம் மாத்திரை. சில பி.பி. மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். வியர்வையிலும் நீரும் உப்பும் போகிறபோது பி.பி. தேவைக்கு மேல் இறங்கி, அசதியும் எழுந்தால் தலைசுற்றலும் வரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீட்டோடு உங்கள் டாக்டரிடம் போய், உட்கார்ந்தும் நின்றும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மட்டும் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் சொல்வார். தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். மோரில் உப்பைக் கூட்டிப் போட வேண்டாம், உங்களுக்கு பி.பி. இருக்கிறது.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அது இருந்தால் வெயிலில் அசதி இன்னும் கூடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அழுகை வருகிறதா, எதிலும் பிடிப்பில்லையா, சாப்பாடு இறங்கவில்லையா? கோடையில் மட்டும் தலைதூக்கும் மனச்சோர்வும் உண்டு, சிகிச்சையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.