காட்டுக்குள் இருந்த வேலை எங்கே போனது? மரத்தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

கூடலூர் பக்கம் எங்கள் தாத்தா காலத்தில் கூப்பு வேலைக்கு, அதாவது காட்டில் மரம் வெட்டும் வேலைக்கு, லாரி லாரியாக ஆள் போவார்களாம். இப்போது அந்த வேலையே இல்லையே, ஏன்?

முதலில் கொள்கை மாறியது. 1988-ம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காடு இருப்பது சூழலுக்காக, வருமானம் அதற்குப் பிறகுதான் என்றது. அடுத்து வந்தது நீதிமன்ற உத்தரவு. அந்த வழக்கு உங்கள் ஊர்க் காட்டில்தான் பிறந்தது. கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த இடைக்கால உத்தரவு, நாடு முழுக்க, மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது.

அதிகம் அடி வாங்கியது வடகிழக்கு. காட்டு மரத்தை நம்பியிருந்த பிளைவுட் ஆலைகள் அங்கே வரிசையாக மூடின. அசாமில் வேலை இழந்த கைதேர்ந்த ஆட்கள் பலர் ரயிலேறி வந்து சேர்ந்த இடம் கேரளத்தின் பெரும்பாவூர். அங்கே ஆலைகளுக்கு ரப்பர் மரம் தோட்டத்திலிருந்தே கிடைத்தது. ஹரியானாவின் யமுனாநகரிலும் இதே கதைதான், விவசாயிகள் வளர்த்த பாப்லர் மரம். ஆக வேலை அழிந்துவிடவில்லை, காட்டிலிருந்து பட்டா நிலத்துக்கு இடம் மாறிவிட்டது. ஆனால் கூப்புக் கூலியை மட்டும் நம்பியிருந்த மலைக் குடும்பங்களுக்கு அந்தப் புது வேலை போய்ச் சேரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

இந்தியாவில் மரத்தொழிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடினால் தெளிவான எண் கிடைப்பதில்லையே?

கணக்கெடுக்கும் விதம் அப்படி. தேசியத் தொழில் வகைப்பாட்டில் 'வனம், மரம் வெட்டுதல்' என்பது 02-ம் பிரிவு. வெளியாகும் அட்டவணைகளில் பெரும்பாலும் விவசாயம், மீன்பிடியோடு சேர்த்து ஒரே வரியாகப் போட்டுவிடுவார்கள். அதே மரம் அறுவை மில்லுக்குப் போனால் 16-ம் பிரிவு, காகித ஆலைக்குப் போனால் 17. இரண்டும் உற்பத்தித் துறைக் கணக்கு. நாலு மாதம் சவுக்கு வெட்டிவிட்டு மீதி நாளில் நெல் அறுக்கப் போகிறவர் விவசாயக் கூலியாகவே பதிவாவார். வேலைவாய்ப்பு குறைந்தது, கூடியது என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

என் கணவர் மேஸ்திரி ஒருவரிடம் சவுக்கு வெட்டப் போகிறார். போன மாதம் காலில் மரம் அறுக்கும் சங்கிலி வாள் மெஷின் பட்டுவிட்டது. மேஸ்திரி கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்ததோடு சரி. வேறு எதுவும் கேட்க முடியுமா?

முடியும், கட்டாயம் கேளுங்கள்.

கூலி டன் கணக்கில் என்பதால் யாரும் நிதானமாக வேலை செய்ய முடிவதில்லை. ஒருவர் மெஷினில் அடியை அறுத்துச் சாய்க்க, பின்னாலேயே கொப்பு கழிப்பவர்கள், பட்டை உரிக்கும் பெண்கள், துண்டு போடுபவர்கள், லாரி ஏற்றுபவர்கள் என்று எல்லோரும் நெருக்கமாக நிற்பார்கள். சங்கிலி மழுங்கியிருந்தாலும் சாணை பிடிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். வாளின் நுனி எதிலாவது இடித்தால் மெஷின் எகிறித் திரும்பும். லுங்கியும் செருப்புமாக நிற்பவருக்குக் காலிலும் எளிதாக வெட்டு விழும். தொடையிலிருந்து கணுக்கால் வரை மூடும் பாதுகாப்பு உறை என்று ஒன்று இருப்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பது வேலை கொடுப்பவரின் குற்றம்.

1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் மரம் வெட்டும் வேலை பெயர் சொல்லியே இருக்கிறது. இப்போது அது 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது, உரிமை போய்விடவில்லை. மேஸ்திரியிடம் பணம் இல்லை என்றால், மரத்தை வாங்கி அவரிடம் வேலையை ஒப்படைத்த வியாபாரியையோ நிறுவனத்தையோ பொறுப்பாக்க வழி உண்டு. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவின் நகலை வாங்கி வையுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரிடம் நடந்ததை எழுதி வாங்குங்கள். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், ஆனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். அப்புறம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு இல்லையென்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

டேன்டீ (அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்தில் இருப்பது வனத்துறை வேலையா, தோட்ட வேலையா?

வேலை தோட்ட வேலை, நிலம் காட்டு நிலம். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகக் குடும்பங்களுக்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய திட்டம், 1976-ல் கழகமானது. நஷ்டத்தைக் காரணம் காட்டி ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் ஆணை வந்தது. புலம்பெயர்ந்து வந்தவர்களுக்காகவே உண்டான வேலை இது. அதைச் சுருக்கும்போது வீட்டையும் வருமானத்தையும் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் பழங்குடி இளைஞன். காட்டுக்குள் இனிமேல் கூலி வேலையே வராதா?

வருகிறது, ஆனால் வேறு வேலை. இப்போது பெரிய அளவில் நடப்பது அந்நியச் செடிகளை அகற்றுவது. உண்ணிச்செடி, சீகை மரம், மஞ்சள் கொன்றை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். முதுமலையில் இந்தச் சென்னாவை வெட்டிக் காகிதக்கூழுக்கு எடுக்கும் பணி தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல்.-இடம் கொடுக்கப்பட்டது.

இதில் கைத்திறன் தேவை. சென்னாவை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்து துளிர் கிளம்பும். நிற்கிற மரத்தில் மார்பளவு உயரத்திலிருந்து தரை வரை பட்டையைச் சுற்றிலும் உரிக்க வேண்டும். கீழே கொஞ்சம் பச்சைப்பட்டை ஒட்டியிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும், அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது. மறு வருடம் வந்து முளைத்ததைத் திரும்பப் பிடுங்க வேண்டும். பல வருடம் தொடரும் இந்த வேலையை ஒரே சீசன் டெண்டராக வெளியாள் ஒப்பந்ததாரரிடம் கொடுப்பது வீண். உங்கள் ஊரில் கிராம வனக்குழு அல்லது சூழல் மேம்பாட்டுக் குழு இருந்தால், அதன் பேரிலேயே வேலை கேட்டு ரேஞ்சரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பி.எஸ்.சி. வனவியல் படிக்கலாமா?

காட்டில் நடப்பதும் மண்ணைத் தொடுவதும் பிடிக்குமென்றால் படிக்கலாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி நல்ல இடம். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி), குரூப் 1-ஏ-யில் வரும் உதவி வனப் பாதுகாவலர் பதவி இரண்டுக்கும் இந்தப் படிப்பு உதவும். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, ஐ.எஃப்.எஸ். தேர்வை அறிவியல், பொறியியல் படித்தவர்களும் எழுதுவார்கள். வனக் காப்பாளர் பணிக்கு இந்தப் பட்டமே தேவையில்லை, 2024 முதல் குரூப் 4 தேர்விலேயே அது சேர்ந்துவிட்டது. காகித ஆலைகளின் தோட்டப் பிரிவு, குளோன் நாற்றங்கால், விவசாயிகளுக்கு மரப்பயிர் ஆலோசனை, இவற்றில்தான் இப்போது கதவு அதிகம் திறந்திருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே விடுமுறையில் ஒரு நாற்றங்காலில் போய் வேலை கற்றுக்கொள்ளுங்கள். தேர்வுக்கும் படியுங்கள், ஆனால் அதற்காக மட்டும் வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.