பழைய டீசல் பிக்கப்பில் ஈஜிஆரை அடைத்துவிட்டால் புகைச் சோதனையில் தேறுமா?

(கேள்வி: தர்மபுரி பதிவு, 2012 மாடல் டீசல் பிக்கப், பிஎஸ்3 என்ற பழைய மாசு விதிப்படி செய்தது. புகைச் சோதனையில் தேறவில்லை. எரிந்த வாயுவில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வைத் தகடு வைத்து அடைத்து, கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?)

ஈஜிஆர்தான் கோளாறு என்றால், அடைத்தால் தேறும். இதை மறைத்துவிட்டுச் சட்டம் மட்டும் பேசினால் நீங்கள் நம்பப்போவது மெக்கானிக்கைத்தான்.

தேறுவதற்குக் காரணம் சோதனை முறையிலேயே இருக்கிறது. பிஎஸ்3 டீசலுக்கு மானி பார்ப்பது புகையின் கருமை ஒன்றைத்தான். நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருந்தால் சான்றிதழ் (பிஎஸ்4 வண்டிக்கு 50). ஈஜிஆர் குறைப்பதோ நைட்ரஜன் ஆக்சைடை. கொஞ்சம் எரிந்த வாயுவை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி எரியும் சூட்டைத் தணிக்கிறது. அந்த மானி நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அதனால் அடைத்த வண்டி கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், மூச்சுக்குக் கெடுதல் கூடியிருக்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. "யார் பிடிக்கிறார்கள்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேள்விக்குத் தேவையான விஷயம் வேறு: பத்து வருடம் தாண்டிய பிக்கப்பில் கரும்புகைக்கு ஈஜிஆர் மட்டும் காரணமாக இருப்பது குறைவு.

முதலில் காற்று. கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு மற்றதைப் பேசுங்கள். கம்ப்ரஸரை முழு அழுத்தத்தில் வைத்து வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், காகிதமும் கிழியும். டர்போ வண்டியில் அடுத்து ஹோஸ்களைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது வெடிப்பு மூடியே இருக்கும், பாரத்தில் இழுக்கும்போதுதான் திறக்கும். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவும் தூசியும் சேர்ந்த கறை தெரிந்தால் அங்கே காற்று போகிறது.

பிறகு டீசல். நம் பக்கத்தில் பெரிய குற்றவாளி இதுதான். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏற, அல்லது சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏற, டீசல் பம்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகி "டீசல் கூட்டி" வைத்திருப்பார்கள். கூட்டிய டீசலுக்குக் காற்று போதாது, எரியாத மிச்சம் கரியாக வரும். இழுவை கொஞ்சம் கூடும்தான். கூடவே புகைவாயுவின் சூடும் ஏறும், பிஸ்டனும் டர்போவும் அதை வாங்கிக்கொள்ளும். பழைய ஓனர் கைவரிசையாகவும் இருக்கலாம். இதை ரோட்டோரத்தில் குத்துமதிப்பாகத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. பம்பைக் கழற்றி, டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பம்ப் ரூமில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, அந்த மாடலின் அளவுக்குக் கேலிப்ரேஷன் செய்து, மறுபடி சீல் வைக்கச் சொல்லுங்கள். கூடவே இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களையும் கொடுத்துவிடுங்கள். நாசில் பனிபோல் தூவ வேண்டும், ஒழுகக் கூடாது.

இப்போது ஈஜிஆர். பிஎஸ்3-இல் பெரும்பாலும் வாக்கத்தில் (வெற்றிட உறிஞ்சலில்) இயங்கும் வால்வு இருக்கும். இன்ஜின் சூடான பின் வால்வுக்கு வரும் மெல்லிய ஹோஸைக் கழற்றி, அதன் வாயை ஒரு போல்ட்டால் அடைத்து ஓட்டிப் பாருங்கள். புகை சட்டென்று குறைந்தால் வால்வு நல்லது. பாரத்தில் வாக்கத்தை நிறுத்த வேண்டிய சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வு) நிறுத்தவில்லை. குறையவில்லை என்றால், ஒன்று வால்வு கரியில் சிக்கித் திறந்தே நிற்கிறது, அல்லது கோளாறு மேலே சொன்ன இடங்களில். ஹோஸை அடைக்காமல் திறந்தபடி மட்டும் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கும் அதே வாக்கம் பம்ப்தான், பெடல் கல்லாகிவிடும். பார்த்து முடித்ததும் ஹோஸை மாட்டிவிடுங்கள்.

வால்வைக் கழற்ற முந்தின நாளே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். துருவோடு அப்படியே திருகினால் போல்ட் தலை முறியும், அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டும். கரியை மரக்குச்சியால் சுரண்டி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிடுங்கள். டயாப்ரம் (ரப்பர் சவ்வு) உள்ள பக்கம் மேலே இருக்கட்டும், கிளீனர் பட்டால் ரப்பர் போய்விடும். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். மேனிஃபோல்டின் வாயில் துணி அடைத்துவிட்டுச் சுரண்டினால் கரித்துண்டு உள்ளே விழாது. மாட்டும்போது புது மெட்டல் பேக்கிங் போடுங்கள், கடையில் வெட்டித் தரும் பேப்பர் பேக்கிங் அந்தச் சூட்டில் கருகிவிடும். டயாப்ரம் கிழிந்திருந்தால் வால்வையே மாற்ற வேண்டியதுதான். பழைய மாடலுக்கு டீலரிடம் கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜேசி ரோடு, சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், அச்சிட்ட எண்ணை ஒத்துப் பார்த்து வாங்குங்கள். போல்ட் துளை ஒத்துப்போவதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

கரி சில மாதத்திலேயே பசைபோல் மறுபடி சேர்ந்தால், ப்ரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளிவிடும் குழாய்) வழியாக ஆயில் ஆவி அதிகம் வருகிறது. ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஈஜிஆரைக் கழுவிப் பயனில்லை.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் விஷயம் சுருக்கம். டீசலில் அது கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் குறைப்பதற்கு. கரியைப் பிடிக்கும் வடிகட்டி அல்ல. கழற்றினால் கருமை குறையாது. உள்ளே அடைத்திருந்தால் இழுவை போகும், அப்போது மாற்றலாம். அதில் பிளாட்டினம் வகை உலோகம் இருப்பதால் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. கழற்றச் சொல்கிறவர், கழற்றியதை யார் எடுத்துப் போவது என்றும் சொல்கிறாரா பாருங்கள். எல்லா மெக்கானிக்கையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

சோதனைக்குப் போகும்போது அரை மணி நேரமாவது நன்றாக ஓட்டிச் சூடான வண்டியை நேராக விடுங்கள். ஆயில் சூடு 60 டிகிரியாவது இருக்க வேண்டும். கடைசிச் சில கிலோமீட்டரை ஒரு கியர் குறைத்து ஓட்டினால் சைலன்சரில் படிந்த கரி வழியிலேயே போய்விடும். மண்ணெண்ணெய், தின்னர் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பம்புக்கு வழுவழுப்பு கொடுப்பதே டீசல்தான். பிஎஸ்3-க்குச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். வண்டியைக் கொண்டுவராமலே எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால், நாசில் ஒழுகுவது உங்களுக்குத் தெரியாமலே அந்த ஆறு மாதமும் ஓடிக்கொண்டிருக்கும்.